ஒரே நாள்காரரும் ஐந்து நாள்காரரும்

என் வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு, அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி பிழைப்பேனா என்பதில்லை. “எங்க சகலைக்குப் பண்ணின மாதிரி ஒரே நாள்ல முடிச்சிடுவீங்களா?” என்று கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உயிர் ஊசலாடுகிறது, இந்த மனுஷனுக்குச் சகலையோடு போட்டி. ஆனால் எனக்குள்ளேயும் அதே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. நான் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

சகலை என்றால் என் அக்கா புருஷன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். எங்கள் சலூனுக்கு நேர் எதிரே அவருடைய சலூன். ஒரு காலத்தில் இரண்டு பேரும் எங்கள் கடையிலேயே அடுத்தடுத்த நாற்காலியில் நின்று வேலை பார்த்தவர்கள்தான். அத்தான் வாய் ஓயாமல் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்கவே அவர் நாற்காலிக்கு ஆள் காத்திருக்கும். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கமாட்டார், ஆனால் காதோரம் அவர் வைக்கிற கோடு ஒரு வாரம் ஆனாலும் கலையாது. பிறகு அத்தான் எதிர்ப்பக்கம் தனிக்கடை போட்டார். கண்ணாடிக் கதவு, ஏசி, காலால் மிதித்தால் ஏறி இறங்குகிற நாற்காலிகள். எங்கள் கடையில் அதே ரெக்சின் கிழிந்த நாற்காலி. அன்றிலிருந்து ஆண்கள் இருவரும் தெருவைத் தாண்டிப் போனதில்லை. அக்காவும் நானும் பால் வாங்குகிற இடத்தில் பார்த்தால் பேசிக்கொள்வோம்.

எங்களவருக்கு ஒரு விசேஷம் உண்டு, தாடி. ஊரான் முகத்தையெல்லாம் வழித்துவிட்டு இந்த ஆள் மட்டும் இப்படி வளர்த்து வைத்திருக்கிறாரே என்று தெருவே கேலி பண்ணும். தாடி மாஸ்டர் என்றுதான் பெயர். கல்யாணத்தன்றும் தாடியோடுதான் இருந்தார். அந்த முகவாய் எப்படி இருக்கும் என்று கட்டிய பெண்டாட்டி எனக்கே தெரியாது.

அக்காவைப் பற்றி என்னத்தைச் சொல்ல. சின்ன வயதில் அவளுக்குப் புதுச் சட்டை எடுப்பார்கள், அது சாயம் போன பிறகு எனக்கு வரும். அவள் கூந்தல் இடுப்புக்குக் கீழே, என்னுடையது எலிவால். அவளுக்குப் பேசத் தெரிந்த புருஷன், எனக்கு ஊமைக்கோட்டான். அவள் ஒருநாளும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. படுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? ஒருநாள், ஒரே ஒருநாள் அவள் என்னைப் பார்த்து ஏங்க வேண்டும் என்று நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான், நான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

வியாதி வந்ததிலும் அக்கா வீடுதான் முந்தியது. அத்தானுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் ஆகி, கொஞ்ச நாள் கழித்து மூளையில் பட்டாணி அளவில் ஒரு புள்ளி வந்தது. இதே டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில்தான் தலையில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று திருகாணி முடுக்கி, காலையில் படுக்க வைத்துச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் கடையைத் திறந்துவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நெற்றியில் இருந்த இரண்டு தழும்பைக் காட்டி, “ஒரே நாள். காலைல போனேன், சாயங்காலம் வந்துட்டேன்” என்று அளந்துகொண்டே இருந்தார். பின்னந்தலைத் தழும்பைக் காட்டக் கைக்கண்ணாடி வேறு. ஒரே நாள் மாஸ்டர் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. எதிர்க்கடையில் சோப்பு நுரைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்ப்பார். அப்போது அவருக்கு வியாதி எதுவும் இல்லை. ஆனாலும் காதில் புகை வந்தது.

அப்புறம் என் வீட்டுக்காரருக்கும் நுரையீரலில் புற்றுநோய் வந்தது. பீடி, சிகரெட் எதையும் தொடாத மனுஷன். மாத்திரையில் அடங்கிக் கிடந்த வியாதி ஒருநாள் கையில் வந்து எட்டிப் பார்த்தது. சீப்பு நழுவியது. சட்டைப் பொத்தான் துளைக்குள் போகவில்லை. ஒரு வாடிக்கையாளர் காதை லேசாகக் கீறிவிட்டார். அந்த ஆள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த மாதம் எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாளே ஸ்கேன் எடுக்கக் கிளம்பிவிட்டார். அத்தனை நாளாக நான் கெஞ்சிய கெஞ்சலுக்கு அசையாதவர்.

மூளையில் மூன்று இடத்தில் இருந்தது. இரண்டு பொடி. ஒன்று பெரிய திராட்சை அளவு, அதுவும் வலது கையை அசைக்கிற இடத்தை ஒட்டி. டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பொறுமையாகச் சொன்னார். தலை முழுக்கக் கதிர் கொடுக்கிற ஒரு வழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்துப் பிடிக்கும், ஆனால் முடி கொட்டும், ஞாபகம் மந்தமாகும். நிறைய இடத்தில் கட்டி இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது. இவருக்குக் கட்டியை மட்டும் குறி பார்த்துக் கொடுத்தால் போதும். அதிலும் இரண்டு விதம். முழு அளவையும் ஒரே நாளில் கொடுப்பது ஒன்று. அதையே பங்கு போட்டு ஐந்து நாள் கொடுப்பது இன்னொன்று. இந்த ஆஸ்பத்திரியில் முதலாவதற்குத் திருகாணிச் சட்டம், இரண்டாவதற்கு முகமூடி. எங்களுக்கு முகமூடி, ஐந்து நாள்.

அக்கா வீட்டுக்கு ஒரு நாள், எங்களுக்கு ஐந்து நாள். எனக்கு வயிறு எரிந்தது. வியாதியில்கூடவா அவளுக்கு உசத்தி, எனக்கு மட்டம் என்று தோன்றியது.

முகமூடி எடுக்க இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். சின்னச் சின்ன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் முக்கி, தளர்ந்த பிறகு எடுத்து, படுத்திருப்பவர் முகத்தில் போர்த்தி அழுத்துவார்கள். ஆறினதும் முக அச்சிலேயே இறுகிவிடும். அதை மாட்டிக் கட்டிலோடு பூட்டினால் தலை அசையாது. ஆயுள் முழுக்க அடுத்தவர் முகத்தில் சூடான துண்டு போட்டவருக்கு அது பிடித்துப்போனது. “நல்லா இதமாத்தான் இருக்கு” என்றார். அங்கே வேலை பார்க்கிற டெக்னீசியன் பெண் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லாம் முடிகிற வரைக்கும் முடி வெட்டக் கூடாது, தாடியில் கை வைக்கக் கூடாது. வெட்டினால் முகமூடி தொளதொளத்துவிடும். சலூன்காரரிடம் போய் முடியைத் தொடாதே என்கிறாளே என்று நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுத் திட்டம் தயாராகச் சில நாள் ஆகும் என்று அனுப்பினார்கள். மூளை வீக்கம் வடிய மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை மனுஷனைப் படுத்தியெடுத்தது. தூக்கம் இல்லை, அகோரப் பசி, எதற்கெடுத்தாலும் கோபம். ரொட்டிப் பாக்கெட்டைத் திறந்தால் காலி பண்ணாமல் எழுந்திருக்க மாட்டார். எங்கள் கடை சாத்திக் கிடந்தது. ஷட்டரை அரைவாசி தூக்கிவிட்டு, கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்க்கடைக்கு யார் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். நம்ம ஆள் போறான் பார், அதோ நம்ம ஆள், என்று வாய் முணுமுணுக்கும். அக்கா ஒருமுறை பார்க்க வந்து, அவருக்கு ஒரே நாளில் முடிந்ததே, உங்களுக்கு ஏண்டி இப்படி இழுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். எனக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது.

முதல் நாள் சிகிச்சை. காலையில் நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். கடை வரைக்கும் போயிட்டு வரேன் என்று போனவரைக் காணோம். கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். தலை மொட்டை மாதிரி ஒட்ட வெட்டியிருக்க, முகம் வழித்துப் பளபளவென்று, தாடையில் ஒரு வெட்டுக்காயம். “யாருங்க, யாரு வேணும்?” என்று கேட்டுவிட்டேன். அப்புறம்தான் கண்ணைப் பார்த்தேன். இடது கையால் மெஷினைப் பிடித்து எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார். தாடி போய்விட்டது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த முகவாயைப் பார்க்கிறேன். சின்னதாக, நடுவில் ஒரு குழியோடு, குழந்தை முகவாய் மாதிரி இருந்தது. ரசிக்கிற நேரமா அது? என்ன காரியம் பண்ணினீர்கள் என்று கத்தினேன். தலை பாரமாக இருந்தது என்றார்.

ஆஸ்பத்திரியில் முகமூடியை மாட்டிப் பூட்டினதும் டெக்னீசியன் பெண் முகம் மாறிவிட்டது. முகவாய்ப் பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. தலை உள்ளே அசைகிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கதிர் நல்ல இடத்தில் பட்டுவிடும், இதை வைத்துக்கொண்டு தொடவே மாட்டேன் என்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்:

“அப்போ வேற வழியில்ல போலிருக்கு டாக்டர். எங்க சகலைக்குப் போட்ட அந்தச் சட்டத்தையே போட்டு, இன்னைக்கே முடிச்சு விட்டுடுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தலை பாரமாவது மண்ணாவது. முகமூடியைக் கெடுத்தால் திருகாணி கிடைக்கும் என்று திட்டம் போட்டுத் தாடியை எடுத்திருக்கிறார். ஊமைக்கோட்டான் என்று நினைத்தேனே, எவ்வளவு கள்ளத்தனம்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அவருடைய வலது கையைத் தன் கையில் வாங்கி, என் விரலை அழுத்துங்கள் என்றார். இவர் அழுத்தினார். முகம் சிவக்கிற அளவுக்கு அழுத்தினார். விரல் நகம்கூட வெளுக்கவில்லை.

“உங்க சகலைக்கு இருந்தது பட்டாணி. இருந்த இடமும் வேற. அங்க கொஞ்சம் வீங்கினாலும் ஒண்ணும் தெரியாது. உங்களுது பெரிசு, கைக்குப் பக்கத்துலயே இருக்கு. மொத்தத்தையும் ஒரே நாள்ல கொடுத்தா கட்டி சாகும். கூடவே சுத்தி இருக்கிற நல்ல இடமும் புண்ணாகலாம். அப்புறம் இந்தக் கை உங்களுது இல்ல. பிரிச்சுக் கொடுத்தா நல்ல இடம் நடுவுல கொஞ்சம் தேறிக்கும்” என்றார். பிறகு, “சீக்கிரம் முடியணுமா, கை வேணுமா?” என்று கேட்டார்.

இவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். புது முகமூடி, புது ஸ்கேன், மறுபடியும் கணக்கு என்று இன்னொரு வாரம் தள்ளிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் நான் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். கை போனாலும் பரவாயில்லை, அத்தானைவிட ஒரு நாள் கூட ஆகக்கூடாது, அதுதானே உங்களுக்கு, என்று கேட்டேன். 

“ஒரே நாள்னா சின்ன வியாதி. அஞ்சு நாள்னா பெரிய வியாதி. தெருவுல அப்படித்தான் பேசிக்கிறாங்க. பெரிய வியாதிக்காரன்கிட்ட எவன் வந்து கழுத்தை நீட்டுவான்?”

 ஒரு மாதிரி சமாதானப்படுத்திப் பேசலாம் என்று பார்த்தால், அவர் சொன்னதில் பொய்யில்லை. நானே அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வாரத்தில் கை இன்னும் மோசமானது. தம்ளரைத் தூக்கினால் பாதி வழியில் சரிந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். ராத்திரியில் அவர் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டே படுத்திருப்பார். இந்தக் கை வராமல் போனால் அது இவருக்குச் சகலை மேல் இருந்த வயிற்றெரிச்சலால்தான் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். 

புது முகமூடி வழித்த முகத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஐந்து நாளும் நான் கூடப் போனேன். படுப்பார், பூட்டுவார்கள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன், கொஞ்ச நேரத்தில் எழுந்து வருவார். வலியில்லை. வெளியே வரும்போது முகமெல்லாம் முகமூடியின் வலைத்தடம் பதிந்திருக்கும். இரண்டாம் நாள் கழிவறைக் கண்ணாடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “சகலைக்கு நாலே புள்ளி. எனக்குப் பாரு, முகம் முழுக்க” என்றார். அட கடவுளே என்று இருந்தது. ஆனால் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கை ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் பொத்தான் போட்டார். பிறகு தம்ளர். பிறகு கடையைத் திறந்து, பலூனை ஊதி, அதில் சோப்பு நுரை பூசிக் கத்தியால் வழித்துப் பழக ஆரம்பித்தார். தொழிலுக்கு வருகிற புதிதில் பழகுகிற முறை அது. கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. நான் சமையலறையில் நின்றுகொண்டு பட்டென்று சத்தம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். நாளாக ஆகச் சத்தம் குறைந்தது. ஒருநாள் காலை முழுக்கச் சத்தமே வரவில்லை. போய்ப் பார்த்தால் கண்ணாடி முன்னால் வழித்த பலூன்கள் வரிசையாக இருந்தன. மறு ஸ்கேனில் மூன்றும் சுருங்கியிருந்தன. இனி வராது என்று சொல்ல மாட்டேன், அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

ஒன்றிரண்டு பேர் முடி வெட்ட வந்தார்கள். முகம் வழிக்க மட்டும் ஒருவரும் வரவில்லை. வந்தவர்களிடம் இவர் பேச ஆரம்பித்தார். ஆமாம், பேசினார். பின்னந்தலையில் மெஷினை ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம், காதுக்குப் பக்கத்தில் அப்படி இழுக்க முடியுமா, கத்திரியைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே எடுக்கணும், அந்த மாதிரிதான் என்னுடையது, காதோர வேலை, என்று அளப்பார். எதிர்க்கடைக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்துவார். எதிர்க்கடையில் பேச்சுச் சத்தம் குறைந்திருந்ததை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஒரு மத்தியானம் அத்தான் தெருவைத் தாண்டி வந்தார். பின்னாலேயே அக்கா. நேராக உள்ளே வந்து, கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் கையில் சீப்போடு அப்படியே நின்றார். நான் வீட்டுப் பக்கக் கதவில் நின்றேன்.

“சகலை, தலையும் முகமும் சுத்தமா எடுத்துடு” என்றார் அத்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி விட்டார். “நாளைக்கு எனக்கு முகமூடி எடுக்குறாங்க. உன்ன மாதிரி எடுத்தப்புறம் வெட்டிட்டு நிக்கக் கூடாது பாரு.”

மறுபடியும் வந்திருக்கிறது. இந்தத் தடவை பெரியது, பேச்சு வருகிற இடத்துக்குப் பக்கத்தில் என்று அக்கா என் காதோரம் சொன்னாள். அவர்கள் கடைப் பையன்கள் கையால் வெட்டிக்கொண்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடுமாம், அதனால் இங்கே கூட்டி வந்தாளாம்.

என் வீட்டுக்காரர், “எத்தனை நாள் சொல்லியிருக்காங்க?” என்று கேட்டார்.

அத்தான் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. தேடினார். தெரு முழுக்க ஒரே நாள், ஒரே நாள் என்று அளந்த வாய் அது. கடைசியில் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

 இவர் ஏதாவது இடக்காகச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, தலையை மெஷினால் எடுத்தார். சூடான துண்டை முகத்தில் வைத்து எடுத்து, நுரை பூசினார். பிறகு கத்தியில் புது பிளேடு மாட்டினார், வலது கையால். அத்தான் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக் கழுத்தைக் கொடுத்தார்.

 கத்தி காதோரத்தில் தொடங்கித் தாடையில் இறங்கி, தொண்டைக்கு வந்தது. ஒரு நடுக்கம் இல்லை. பக்கத்தில் அக்காவும் அந்தக் கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானைப் பார்க்கவில்லை.

“உன் வீட்டுக்காரர் கை நடுங்கவே இல்லையேடி” என்றாள்.

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவள் புதுச் சட்டையை, கூந்தலை, ஏசி போட்ட கடையை, ஒரே நாள் வைத்தியத்தை நான் பார்த்த பார்வை அது. ஆயுசு முழுக்கக் காத்திருந்தது கடைசியில் வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்து ஏங்குகிறாள். எனக்கு இது வேண்டாம் என்று இருந்தது.

“நடுங்குதுக்கா” என்றேன். “நீ தள்ளி நிக்கிற, அதான் தெரியல.”

கண்ணாடியில் என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கத்தியைத் துண்டில் துடைத்துவிட்டு, மறு கன்னத்துக்குப் போனார்.